நெஞ்சு உயரத்தில் மிதந்த காந்தம்

உலகத்திலேயே மிக அதிக உயரத்தில் காந்தத்தை மிதக்கவிட்டவன் நான்தான். 1987-ல் வெளிநாட்டு ஆய்வுக்கூடங்களில் பெரிய பெரிய விஞ்ஞானிகள் மீக்கடத்தி என்கிற சூப்பர்கண்டக்டரின் மேல் காந்தத்தை மிதக்கவிட்டுப் படம் எடுத்துப் பத்திரிகைகளில் போட்டார்கள். அதெல்லாம் விரற்கடை உயரம். காரைக்காலில் ஓர் அரசுக் கல்லூரியில், இயற்பியல் விரிவுரையாளன் செல்வநாதனாகிய நான் மிதக்கவிட்டது நெஞ்சு உயரம். இயக்குநரே கையெழுத்துப் போட்ட அத்தாட்சி என்னிடம் இருக்கிறது. அதன் இரண்டாவது பத்தியில் என்னை ஏனாமுக்கு மாற்றியிருக்கிறார்கள்.

வெளியூர்க்காரர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரன் விட்டுப்போன நாலு துண்டு ஊர்களுக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரே நிர்வாகம். புதுச்சேரி, காரைக்கால் இரண்டும் தமிழ்க்கரை. மாஹே மலையாளக்கரை. ஏனாம் ஆந்திராவுக்குள்ளே, கோதாவரி ஓரம். காரைக்காலில் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஓர் ஊழியரை, கை கழுவி வருவதற்குள் ஏனாமில் தெலுங்கு பேசவைக்க இந்த நிர்வாகத்தால் முடியும்.

என் மனைவி டெய்சி அரசு மருத்துவமனை நர்ஸ். கல்யாணம் ஆனபோது அவளுக்கு ஏனாமில் வேலை, எனக்கு இங்கே. வருஷா வருஷம் இரண்டு பேரும் விண்ணப்பம் போட்டோம். கணவன் மனைவி ஒரே ஊரில் பணிபுரிய வேண்டும் என்பதே அரசின் கொள்கை என்று வருஷா வருஷம் பதில் வந்தது. கொள்கையை மட்டும் அனுப்பினார்கள், டெய்சியை அனுப்பவில்லை. ஒருவழியாக அவளுக்குக் காரைக்கால் மாற்றல் கிடைத்ததும் தலத்தெருவில் ஒரு வீடு பிடித்தோம். கொசுவலையை எந்தப் பக்கம் கட்டுவது என்று சண்டை போட்டோம். சந்தோஷமாக இருந்தோம் என்று எழுதினால் கதைக்கு ருசி இருக்காது, ஆனாலும் இருந்தோம்.

அந்தச் சந்தோஷம் எப்படியோ துறைக்குத் தெரிந்துவிட்டது. கல்லூரி முதல்வர் திருஞானசம்பந்தம் என்னைக் கூப்பிட்டார். அவர் வரலாற்றுப் பேராசிரியர். நல்ல மனிதர், யாருக்கும் எந்தக் கெடுதலும் எழுத்து மூலமாக மட்டுமே செய்வார். ஏனாம் கல்லூரிக்கு ஓர் இயற்பியல் ஆள் கேட்கிறார்கள், இன்றியமையாதவர்களை மட்டும் இங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு என்றார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்க இன்றியமையாதவரா, செல்வநாதன்?"

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் என் சட்டைப் பையில் அன்றைக்கு ஒரு சின்ன மருந்துக்குப்பி இருந்தது. சென்னையில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்க்கும் என் நண்பன் பஞ்சில் சுற்றி அனுப்பிய கறுப்பு வில்லை ஒன்றும், உளுந்து அளவுக்கு ஒரு காந்தத் துண்டும் அதற்குள் இருந்தன. உலகமே அந்த வருஷம் பேசிக்கொண்டிருந்த புது மீக்கடத்தி அதுதான்.

முதல்வருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லிவிடுகிறேன். கம்பியில் மின்சாரம் போகும்போது எலக்ட்ரான்கள் முட்டி மோதிக்கொண்டுதான் போகும். அதனால் தடை, அதனால் சூடு. சில பொருட்களை நன்றாகக் குளிரவைத்தால் எலக்ட்ரான்கள் ஜோடி ஜோடியாகச் சேர்ந்துவிடும். அத்தனை ஜோடியும் ஒரே தாளத்தில் நகரும், தடை சுத்தமாக மறைந்துபோகும். அப்படிக் குளிர்ந்த பொருள் பக்கத்தில் வரும் காந்தத்தைத் தள்ளி நிறுத்தி அந்தரத்தில் மிதக்கவைக்கும். எல்லாம் குவாண்டம் சமாசாரம். முன்பெல்லாம் இதற்கு ஹீலியம் வேண்டும், அது நம்மூரில் கனவு. இந்தக் கறுப்பு வில்லைக்குத் திரவ நைட்ரஜன் போதும்.

முதல்வர் கண்ணை மூடிக் கேட்டார். திறந்தபோது அவர் முகத்தில் ஓர் ஒளி இருந்தது.

"இதுக்கு ஒரு மையம் ஆரம்பிச்சுடலாம்" என்றார்.

அந்த வாரமே மீக்கடத்தி மையம் ஆரம்பமானது. முதல்வர் தலைவர். தமிழ்த்துறைப் பேராசிரியர் துணைத்தலைவர். வணிகவியல், தாவரவியல், உடற்கல்வி மூன்றும் உறுப்பினர்கள். இயற்பியலில் இருந்து யாராவது வேண்டுமே என்று கடைசியில் என்னைச் 'சிறப்பு அழைப்பாளர்' ஆக்கினார்கள். முதல் கூட்டம் முழுக்க ஒரே விவாதம்தான்: கறுப்பு வில்லை செலவாகும் பொருளா, செலவாகாத பொருளா? செலவாகாத பொருள் என்று முடிவானது. கல்லூரியில் செலவாகாத பொருள் எல்லாவற்றின் மேலும் வெள்ளைப் பெயிண்டில் எண் எழுதுவது வழக்கம், நாற்காலி, மேஜை, குப்பைத்தொட்டி எதற்கும் விலக்கு இல்லை. வில்லையின் மேலும் எழுதினார்கள். எண் பெரிதாக இருந்ததால் பாதி வில்லைக்கு மேல் பெயிண்ட்தான் தெரிந்தது. உளுந்து அளவுக் காந்தத்தில் எழுத முடியாமல் அதற்கு ஒரு சீட்டு கட்டித் தொங்கவிட்டார்கள். சீட்டு காந்தத்தைவிடக் கனம்.

சீட்டையும் பெயிண்டையும் நான் தனியாக இருக்கும்போது கழற்றியும் சுரண்டியும் எடுத்துவிட்டேன். நைட்ரஜனுக்கு என்ன செய்வது என்பதுதான் பாக்கி. காரைக்கால் வட்டாரத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் அது இருந்தது. நெரவியில் மாடுகளுக்குச் சினை ஊசி போடும் நிலையத்தில்.

விவசாயக் குடும்பத்தினருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. உயர்ரகக் காளையின் விந்தை மெல்லிய குச்சிகளில் அடைத்து, திரவ நைட்ரஜன் உள்ள அலுமினியக் கேனுக்குள் முக்கி வைத்திருப்பார்கள். மாடு பருவத்துக்குக் கத்தினால் ஓட்டிக்கொண்டு வர வேண்டும், ஒரு குச்சியை எடுத்துப் போடுவார்கள். நைட்ரஜன் தீர்ந்தால் குச்சிகள் செத்துவிடும். அந்த நிலையத்தைப் பார்த்துக்கொண்டவர் அப்துல் லத்தீப். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டபடியே திரிவார், கல்யாண வீட்டில்கூட.

நான் சைக்கிளில் போய் விஷயத்தைச் சொன்னதும் அவர் ஒரு டம்ளர் அளவு தருவதாக ஒத்துக்கொண்டார். தடுப்பூசி வந்த தெர்மோகோல் பெட்டியில் ஒரு குழி வெட்டி, வில்லையை வைத்து, நைட்ரஜனை ஊற்றினோம். புகை பொங்கி வழிந்து அடங்கியது. நான் இடுக்கியால் காந்தத்தை மேலே கொண்டுபோய் விட்டேன். படிக்கும் காலத்தில் கரும்பலகையில் சுண்ணாம்புக் கோடாகப் பார்த்தது, நான் கரும்பலகையில் பிள்ளைகளுக்கு வரைந்து காட்டியது, என் கண் முன்னால் நின்றது. வில்லைக்கு மேலே ஒரு நெல் உயரத்தில் காந்தம் அசையாமல் இருந்தது. தொட்டால் சுழன்றது, விழவில்லை. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. நைட்ரஜன் குளிர் என்று லத்தீப்பிடம் சொன்னேன்.

அப்போது அங்கே தையல்நாயகி தன் செவலைப் பசுவோடு நின்றிருந்தார். நெரவியில் கொஞ்சம் நிலமும் இந்த ஒரு மாடும் வைத்திருப்பவர். முந்தைய பருவத்தில் போட்ட ஊசியில் சினை நிற்கவில்லை, இரண்டாவது தடவைக்கு வந்திருந்தார். அவரும் குனிந்து பார்த்தார். ஒரு வைக்கோல் துரும்பை எடுத்துக் காந்தத்துக்கும் வில்லைக்கும் நடுவே விட்டு எடுத்தார்.

"நல்லாத்தான் நிக்கிது. இது நிக்கிற மாதிரி என் மாட்டுக்கும் நின்னா தேவலாம்" என்றார்.

அந்தத் தடவையும் மாட்டுக்கு நிற்கவில்லை. அது பிறகு தெரிந்தது.

நான் செய்த மடத்தனம், மிதந்தது என்று கல்லூரியில் போய்ச் சொன்னது. ஒரு டம்ளர் வாங்கிக் காரியத்தை முடித்திருக்கலாம். மையத்தின் தலைவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. டம்ளரில் வாங்கினால் மையத்துக்கு என்ன மரியாதை? புதுச்சேரியிலிருந்து துறை இயக்குநரே வந்து திறந்துவைக்கப்போகிறார் என்று சொல்லி, மேலிடம் வரை எழுதி, கேனையே குச்சிகளோடு விழா முடியும் வரை கல்லூரிக்கு இரவல் வாங்கிவிட்டார். அதே அளவில், அதே நிலையில் திருப்பித் தரப்படும் என்று உறுதிமொழி கொடுத்தது மையம். கையெழுத்துப் போட்டது சிறப்பு அழைப்பாளர். லத்தீப் என்னைப் பார்த்த பார்வையை நான் விவரிக்கப்போவதில்லை. அதன்பிறகு மாடு வந்தால் அவர் கல்லூரிக்கு ஓடிவந்து குச்சி எடுத்துக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று.

கேன் வந்ததும் ஒத்திகைகள் தொடங்கின. துறைத்தலைவர்களுக்கு ஒன்று, அவர்கள் குடும்பத்தினருக்கு ஒன்று, குத்துவிளக்கோடு ஒன்று. ஒவ்வொரு முறையும் மூடி திறந்து புகை வழியும். தமிழ்த்துறைப் பேராசிரியர் அந்தப் புகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நைட்ரஜன் குறைந்துகொண்டே வந்தது.

குறைவதைக் கண்டுபிடித்தவர் அலுவலகக் கண்காணிப்பாளர் பங்கஜவல்லி அம்மையார். பொருள் இருப்பைத் தினமும் சரிபார்ப்பது அவர் பொறுப்பு. காலையிலும் மாலையிலும் கேனின் மூடியைத் திறந்து, மர ஸ்கேலை உள்ளே விட்டு, பனி படிந்த கோட்டைப் பார்ப்பார். சாட்சி வேண்டும் என்பதால் இன்னொருவர் வரும்வரை மூடியைத் திறந்தே வைத்திருப்பார். சாட்சி டீ குடிக்கப் போயிருப்பார்.

நான் தயங்கித் தயங்கிச் சொன்னேன். "மேடம், நீங்க அளக்கறதாலதான் கொறையுது."

"அளக்காம விட்டா கொறையிறது எப்படி சார் தெரியும்?" என்றார்.

குவாண்டம் இயற்பியலில் ஒன்றை அளக்கப்போனால் அதன் நிலை மாறிவிடும் என்று வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியிருக்கிறேன். கண்ணால் பார்த்தது அந்த அலுவலகத்தில்தான். குறைந்த நைட்ரஜன் எங்கே என்று எனக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பு வந்தது. காற்றில் கலந்துவிட்டது என்று எழுதினேன். எந்த அறையின் காற்றில், அந்த அறைக்கு யார் பொறுப்பு என்று மறுகுறிப்பு வந்தது. இயற்பியல் ஆய்வகம் என்று எழுதினேன். ஆய்வகத்தில் அந்த வாரம் மூச்சுவிட்ட எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினார்கள். காற்றில் முக்கால் பாகத்துக்கு மேல் எப்போதுமே நைட்ரஜன்தான் என்ற உண்மையை நான் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் காரைக்கால் முழுக்க எண் எழுதியிருப்பார்கள்.

வீட்டில் டெய்சியிடம் இதையெல்லாம் நடித்துக் காட்டுவேன். வயிறு வலிக்கச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும், "எப்படியாவது மெதக்க விட்டுடுங்க" என்பாள். அவள் ஏனாமில் தனியாகச் சமைத்துத் தனியாகச் சாப்பிட்ட வருஷங்களைப் பற்றி எப்போதும் அதிகம் பேசியதில்லை. அந்த ஒரு வாக்கியத்தில் பேசிவிடுவாள்.

விழா நாள் வந்தது. இயக்குநர் சிதம்பரநாதன் விருந்தினர் விடுதியில் இருந்து ஜீப்பில் வந்தார். வழியில் அவருக்கு விஷயத்தைச் சொல்ல என்னைப் பின்சீட்டில் ஏற்றியிருந்தார்கள்.

"நான் இதப்பத்திப் பேசணும். கல்லூரி வர்றதுக்குள்ள சொல்லிடுங்க. எனக்குப் புரிய வேணாம், பேசறதுக்குத் தெரிஞ்சா போதும்."

நான் உற்சாகமாகச் சொன்னேன். தடை மறைவதைச் சொன்னேன். அளந்தால் நிலை மாறுவதை, பங்கஜவல்லி அம்மையாரின் ஸ்கேலை மனதில் வைத்துக் கொஞ்சம் வேகமாகவே சொன்னேன். ஜோடி எலக்ட்ரான்களைப் பற்றிக் கேட்டார். என்னை யாரும் சந்தேகம் கேட்பது அபூர்வம், அதனால் நெகிழ்ந்துபோய் விரிவாகச் சொன்னேன்.

"ஈயம் மாதிரி உலோகத்துல, ஜோடியா இருக்கிற ரெண்டு எலக்ட்ரானும் பக்கத்துல பக்கத்துல இருக்கணும்னு இல்ல சார். நடுவுல எத்தனையோ இருக்கும். ரொம்பத் தள்ளி இருந்தாலும் அது ஜோடிதான். அப்படித் தள்ளி இருந்துக்கிட்டேதான் தடையில்லாம வேலை பாக்கும்."

இயக்குநர் தலையசைத்தார். அவருடைய உதவியாளர் குறித்துக்கொண்டார்.

மேடையில் கேனுக்கு மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தியிருந்தார்கள். நான் பொன்னாடைக்குள் கையை விட்டு மூடியைத் தூக்கி டார்ச் அடித்துப் பார்த்தேன். அடியில் கையகலத்துக்குத்தான் இருந்தது. காலையில் அம்மையார் விழாவை முன்னிட்டு விசேஷமாக ஒருமுறை அளந்திருக்கிறார். பரவாயில்லை, ஒரு டம்ளர் போதும் எனக்கு. டெய்சி முன்வரிசையில் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நல்ல புடவை கட்டியிருந்தாள். நான் தலையசைத்தேன்.

அப்போதுதான் வாசலில் பசு கத்தியது.

தையல்நாயகி செவலையை ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். நிலையத்துக்குப் போனாராம், லத்தீப் கல்லூரிக்குப் போயிருக்கிறார் என்றார்களாம். கேனைத் தேடி வந்திருக்கிறேன் என்று வாசலில் சொல்லியிருக்கிறார். கேன்தான் அன்றைய விழா நாயகன் என்பதால் வரவேற்புக் குழு அவரை உள்ளே விட்டுவிட்டது. பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, பசுவுக்கும் நெற்றியில் குங்குமம் வைத்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் அவரும் லத்தீப்பும் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"விடியக்காலத்துலேருந்து கத்துதுங்க சார்" என்றார் தையல்நாயகி. "மூணாவது தடவ. இதுவும் போச்சுன்னா வித்துடலாம்னு வூட்டுல சொல்லிட்டாங்க. கறிக்குத்தான் போவும்."

குச்சி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். லத்தீப் தலையாட்டினார். விஷயம் அதோடு முடியவில்லை.

"எடுத்துக்குறேன் சார். ஆனா மிச்சம் இருக்கறத நீங்க ஊத்திட்டீங்கன்னா மத்த குச்சி அம்புட்டும் செத்துரும். நாளைக்குத்தான் புதுச்சேரிலேருந்து நைட்ரஜன் வண்டி வருது. நெரவி கொம்யூன்ல இருக்குற அத்தன ஊரு மாட்டுக்கும் இந்தக் கேனுதான். ரப்புதான் காப்பாத்தணும். இல்லாட்டி நீங்க."

ரப்பு என்று அவர் சொல்லும் ஆண்டவனுக்கு அடுத்தபடியாக என்னை ஒருவர் சொன்னது அந்த ஒரு தடவைதான். ஊற்றினால் காந்தம் மிதக்கும், நான் இன்றியமையாதவன், தலத்தெரு வீடு, கொசுவலை, டெய்சி. ஊற்றாவிட்டால் ஏனாம். மாடுகள் மேல் எனக்குப் பெரிய பாசம் எதுவும் கிடையாது, சின்ன வயசில் ஒன்று என்னை முட்டியிருக்கிறது. ஆனால் செவலை என்னைப் பார்த்தது. சேர வேண்டிய நேரத்தில் சேரவிடாமல் ஓர் இலாகா குறுக்கே நின்றால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதோடு, முகத்துக்கு நேரே கேட்டால் இல்லை என்று சொல்லும் சாமர்த்தியம் எனக்கு இருந்திருந்தால் அரசாங்க வேலைக்கே வந்திருக்க மாட்டேன்.

"கேன எடுத்துட்டுப் போயிடுங்க" என்றேன்.

லத்தீப் பொன்னாடையோடும் மாலையோடும் கேனைத் தூக்கிக்கொண்டு பின்வழியாகப் போனார். மேடையில் கேன் இருந்த இடத்தில் தண்ணீர்ப் பானையை வைத்து வேறொரு பொன்னாடை போர்த்தினேன். அன்றைக்குப் பொன்னாடைகளுக்குக் குறைவில்லை.

முதல்வரிடம் போய் நைட்ரஜன் இல்லை என்று கிசுகிசுத்தேன். அவர் பதறவில்லை. "மாற்று ஏற்பாடு இருக்கு, கவலைப்படாதீங்க" என்று மேலே கண்ணைக் காட்டினார். மேடையின் குறுக்குக் கம்பியில் இருந்து ஏதோ மெல்லிசாக மின்னியது. கோட்டுச்சேரிமேட்டு மீனவர்களிடம் வாங்கிய நைலான் நரம்பு. அதன் நுனியில், சிவப்புப் பெயிண்ட் அடித்த எங்கள் ஆய்வக லாடக் காந்தம். உளுந்து அளவுக் காந்தம் கடைசி வரிசைக்குத் தெரியாது என்று முன்யோசனையாக மாற்றியிருந்தார்கள். எப்படியும் மிதக்க வேண்டிய பொருளை இயற்கையின் பொறுப்பில் விட முடியாது என்பது மையத்தின் தீர்மானமாம். சிறப்பு அழைப்பாளரை அந்தக் கூட்டத்துக்கு அழைக்க மறந்துவிட்டார்கள்.

இயக்குநர் பேச எழுந்தார். அந்தப் பேச்சை நான் மறக்கவில்லை.

"மீக்கடத்தி என்றால் என்ன? தடையே இல்லாதது. அதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுக்காரர்கள் எத்தனையோ பாடுபட்டார்கள். நம் துறைக்கு வந்திருந்தால் அன்றே காட்டியிருப்போம். மேலே ஓர் உத்தரவு போட்டால் கீழே கடைசி ஆள் வரை போகிறது. வழியில் ஒருவராவது ஏன் என்று கேட்டதுண்டா? கீழேயிருந்து மேலே வரும் மனுக்கள்தான் கொஞ்சம் சூடாகிவிடுகின்றன. அது மனுதாரர்களின் குணம்.

"இன்னொன்று. ஒன்றைத் திறந்து பார்த்தால் அதன் நிலை மாறிவிடும் என்று இப்போது விஞ்ஞானம் சொல்கிறது. என் மேஜையில் இருக்கும் கோப்புகளை நான் திறப்பதில்லை என்று சிலர் குறை சொல்கிறார்கள். திறந்தால் கோப்பு என்ன ஆவது? இதை நான் படிக்காமலே அறிந்திருந்தேன்."

கைதட்டல். பங்கஜவல்லி அம்மையார் மட்டும் தட்டவில்லை. சைக்கிள் கொட்டகைப் பக்கம் இருந்து செவலை ஒரே ஒருமுறை கத்திவிட்டு அமைதியானது. லத்தீப் வேலையை முடித்துவிட்டார் என்று தெரிந்தது.

இயக்குநர் குரலைத் தாழ்த்தினார். "எலக்ட்ரானிலும் ஜோடி உண்டு. கணவன் மனைவி மாதிரி. அவை பக்கத்தில் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று அடம் பிடிக்கின்றனவா? விண்ணப்பம் போடுகின்றனவா? எங்கோ ஒன்று, எங்கோ ஒன்று. தள்ளி இருந்துகொண்டே தடையில்லாமல் பணிபுரிகின்றன. ஓர் எலக்ட்ரானுக்கு இருக்கும் கடமை உணர்ச்சி அரசு ஊழியருக்கு வேண்டாமா?"

நான் டெய்சியைப் பார்க்கவில்லை. பார்க்கும் தைரியம் இல்லை.

செயல்விளக்கம் தொடங்கியது. முதல்வர் பானையை விட்டுவிட்டு, பக்கத்து மேஜையை மூடியிருந்த பொன்னாடையை விலக்கினார். மேஜைமேல் பெயிண்ட் சுரண்டிய என் கறுப்பு வில்லை அனாதையாகக் கிடந்தது. அதற்கு நேர் மேலே, இயக்குநரின் நெஞ்சு உயரத்தில், சிவப்பு லாடக் காந்தம் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கூட்டம் ஆரவாரம் செய்தது. வெளிநாடுகளில் எவ்வளவு உயரம் என்று இயக்குநர் கேட்டார். விரற்கடை என்று முதல்வர் அடக்கத்தோடு சொன்னார். இயக்குநர் கையை நீட்டிக் காந்தத்தின் மேலே தடவினார். நரம்பு அவர் விரலில் பட்டது. எனக்கு உயிர் போய்விட்டது.

"என்ன இது?" என்றார்.

முதல்வர் கண் இமைக்கவில்லை. "அதுதான் சார் குவாண்டம்."

இயக்குநர் நரம்பை மரியாதையோடு இரண்டு விரலால் வருடினார். "இவ்வளவு மெல்லிசா இருக்கும்னு நான் நெனைக்கல" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவும் செய்தேன். ஆனால் தப்பித்துவிட்டோம் என்ற நிம்மதி முந்திக்கொண்டது. மிதந்துவிட்டது, இனி நான் இன்றியமையாதவன் என்று மனசு குதித்தது. அன்று மாலை வீட்டுக்குக் கோழி வாங்கிக்கொண்டு போனேன்.

இரண்டு மாதம் கழித்து உத்தரவு வந்தது. முதல் பத்தியில் பாராட்டு. உலகிலேயே அதிக உயரத்தில் காந்தத்தை மிதக்கவிட்ட சாதனை, அதுவும் குளிரூட்டும் செலவே இல்லாமல். இரண்டாவது பத்தி: இப்பேர்ப்பட்ட திறமை காரைக்காலோடு முடங்கிவிடக் கூடாது என்பதால், ஏனாமில் இரண்டாவது மீக்கடத்தி மையத்தை நிறுவி அங்கும் அதே உயரத்தில் மிதக்கவிட திரு. செல்வநாதன் உடனடியாக மாற்றப்படுகிறார். இங்கே இன்றியமையாதவனாக இருந்தது போதாது, அங்கேயும் இன்றியமையாதவனாகிவிட்டேன். முதல்வர் கண் கலங்கினார். எழுத்து மூலமாகத்தான்.

டெய்சி உத்தரவைப் படித்தாள், மடித்து மேஜைமேல் வைத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் என் பெட்டியை எடுத்துச் சட்டைகளை அடுக்க ஆரம்பித்தாள். மீன் நரம்பு வேண்டுமே, ஒரு கண்டு வாங்கிக்கொள்ளவா என்று கேட்டேன். எதையாவது பேச வேண்டும் என்றுதான் கேட்டேன்.

"அங்கயே கெடைக்கும்ங்க, ஆத்தோரம்தானே. கேக்கத்தான் தெலுங்கு வேணும்."

நாங்கள் சேர்ந்திருந்த கடைசி நாள் சாயங்காலம், மீன்கடையில் நைலான் நரம்பு கேட்பது எப்படி என்று அவள் எனக்குத் தெலுங்கு சொல்லிக் கொடுத்தாள். நான் தப்பாகச் சொல்லும்போது சிரித்தாள். சரியாகச் சொன்னபோதுதான் அழுதாள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டில் தையல்நாயகியைப் பார்த்தோம். நெரவியில் இருந்து பிண்ணாக்கு வாங்க வந்திருந்தார். முகம் மலர்ந்திருந்தது. இந்தத் தடவை ஊசிக்குப் பிறகு செவலை கத்தவே இல்லையாம், லத்தீப் கை விட்டுப் பார்த்துச் சினை நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டாராம். கன்று போட்டதும் சீம்பால் கொண்டுவந்து தருவதாகச் சொன்னார். பிறகுதான் பெட்டியைப் பார்த்தார்.

"பொட்டிய தூக்கிக்கிட்டு எங்க சார் பொறப்பட்டீங்க?"

ஏனாமுக்கு, வேலைக்கு என்றேன்.

"அம்மாவும் வர்றாங்களா?"

இல்லை, அவளுக்கு வேலை இங்கே என்றேன். அவர் டெய்சியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"புருசன் ஒரு ஊர்ல பொஞ்சாதி ஒரு ஊர்லன்னா, அது என்னங்க ஞாயம்?"

தள்ளித் தள்ளி இருந்தால்தான் ஜோடி தடையில்லாமல் வேலை பார்க்கும், விஞ்ஞானமே அப்படிச் சொல்கிறது என்று இயக்குநர் சொன்னதை அப்படியே சொன்னேன்.

தையல்நாயகிக்குக் கோபம் வந்துவிட்டது. "எந்தப் படுபாவி சொன்னான் இத?"

பஸ் புறப்படுவதற்கு ஹாரன் அடித்தார்கள். டெய்சி என் கையில் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தாள்.

"நான்தாம்மா சொன்னேன்" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டேன்.